பெரிய கிளாக்கர் சாக மறுத்த நாடகம்

எங்கள் கந்தோரில், அதாவது ஆபீஸில், நாடகம் போடுவது என்று தீர்மானமானபோது யாருக்கு என்ன வேஷம் என்பதில் ஒரு குழப்பமும் வரவில்லை. உத்தியோகம் எந்தப் படியோ வேஷமும் அந்தப் படி. பெரிய கிளாக்கர் ராஜா. இரண்டாம் கிளாக்கர் மந்திரி. மூன்றாம் கிளாக்கரான நான் மந்திரியின் மனைவி. எனக்குக் கீழே இருந்தவர்கள் சேனாதிபதி, புரோகிதர், தூதன் என்று இறங்கிக்கொண்டே போய், கடைசியில் பியோன் ஈட்டியோடு வாசலில் நின்றான். எனக்கோ அடர்த்தியான மீசை. குரலும் தகர டின்னில் கல்லைப் போட்டுக் குலுக்கினாற்போல இருக்கும். சேனாதிபதி வேஷம் எனக்கு நன்றாகப் பொருந்தும் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

"மந்திரியின்ரை பெண்சாதி சேனாதிபதிக்கு மேலை காணும்," என்றார் பெரிய கிளாக்கர். "உமக்குக் கீழை இருக்கிறவனுக்குச் சேலையைக் கட்டி, உமக்கு மேலை இருத்தச் சொல்லுறீரோ?"

அன்று பின்னேரமே மீசையை எடுத்தேன்.

இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுக்கு ஓரிரு வருஷம் முந்தி, கண்டியில் நடந்தது. எந்தக் கந்தோர் என்று சொல்லப்போவதில்லை. பெரிய கிளாக்கர் யாழ்ப்பாணத்துக்காரர். மீசை முளைக்கும் வயதில் கண்டிக்கு வேலைக்கு வந்தவர். ஒரு நாள்கூட லீவு எடுத்தது கிடையாது என்பது அவருடைய ஒரு பெருமை. இன்னொரு பெருமை, பல வருஷமாக அவரே எழுதி எழுதித் திருத்திய சோக நாடகம். பேராசை பிடித்த ஒரு மந்திரி, மனைவியின் தூண்டுதலால், வேட்டைக்குப் போன காட்டில் தன் ராஜாவைக் குத்திக் கொன்று சிங்காசனம் ஏறுகிறான். ஏறிய நாள் முதல் அவனுக்கு நிம்மதி இல்லை. தான் செய்த பாவம் நெஞ்சை அரிக்க, கடைசியில் நிறைந்த சபையில் எல்லாவற்றையும் தானே ஒப்புக்கொண்டு விழுந்து சாகிறான். ஆசை ஓர் அங்கம், குற்றம் ஓர் அங்கம், வீழ்ச்சி ஓர் அங்கம் என்று மூன்று அங்கங்கள்.

படிப்படியாக வேஷம் பிரித்துக் கொடுத்த பிறகுதான் பெரிய கிளாக்கருக்கு ஓர் உண்மை உறைத்தது. ராஜா முதல் அங்கத்தின் முடிவிலேயே செத்துப்போகிறார். மிச்சம் இரண்டு அங்கமும் மந்திரியின் ராஜ்யம். கதாநாயகனே மந்திரிதான். அப்படியானால் ஐயாவே மந்திரியாக நடிக்கலாமே என்று யாரோ வாயைவிட்டார்கள். "அப்ப எனக்கு மேலை ராசாவாய் ஆர் இருக்கிறது? நீரோ?" என்று ஒரு கேள்விதான் கேட்டார். பிறகு அந்தப் பேச்சே எழவில்லை. அதற்குப் பதிலாக அவர் ராஜாவுக்கு ஒரு மரணப் பாட்டு எழுதினார். கத்தி இறங்கியபின் ராஜா ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, நாட்டு வளம், மந்திரியின் நன்றிகெட்ட தன்மை, உலகத்தின் நிலையாமை எல்லாவற்றையும் பற்றிப் பாடி முடித்துத்தான் சாவார். அவ்வளவு ரத்தம் எந்த உடம்பில் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

இப்போது இரண்டாம் கிளாக்கரைப் பற்றிச் சொல்லவேண்டும். நாவலப்பிட்டியில் ஒரு புடவைக்கடைச் சிப்பந்தியின் மகன். நல்ல மனிதர். நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. பெரிய கிளாக்கருக்கு அந்த வருஷத்தோடு ஓய்வு. அவருக்குப் பிறகு அந்த இடம் இரண்டாம் கிளாக்கருக்கு என்பது எல்லோரும் எதிர்பார்த்ததுதான். ஆனால் கந்தோரை நடத்திய வெள்ளைக்காரத் துரை பெரிய கிளாக்கரின் வாயைப் பார்த்துத்தான் முடிவு எடுப்பார். எங்கள் கந்தோரில் கைப்பிடி வைத்த பிரம்புக் கதிரை ஒன்றுதான் இருந்தது; அது பெரிய கிளாக்கரின் நாற்காலி. மற்ற எல்லோருக்கும் கைப்பிடி இல்லாத மரக் கதிரை. பல வருஷமாக அண்ணன் அந்தப் பிரம்புக் கதிரைக்கு நேர் எதிரே உட்கார்ந்து, அதைப் பார்த்தபடியே வேலை செய்து வந்தார். அவருடைய மாமனார் வேறு, மாசாமாசம் நாவலப்பிட்டியிலிருந்து ரயில் கோச்சி ஏறி வந்து, "என்ன மாப்பிள்ளை, பெரியவராயிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

அப்படிப்பட்டவர் கையில் கத்தியைக் கொடுத்து, யார் தயவு வேண்டுமோ அவரையே குத்தச் சொன்னால் என்ன ஆகும்? கந்தோர் மூடியபின் பழைய கடுதாசிக் கட்டுகள் அடுக்கிய அறையில் ஒத்திகை நடக்கும். நான் பக்கத்தில் நின்று, "இன்னும் ஏன் தயக்கம் பிராணநாதா? குத்துங்கள்!" என்று என் தகர டின் குரலில் தூண்டவேண்டும். அண்ணன் கத்தியை ஓங்குவார். ஓங்கிய கை அப்படியே நிற்கும். "மன்னிக்கணும் ஐயா" என்று ஒரு கும்பிடு போடுவார். அப்புறம்தான் குத்துவார். அதுவும் குத்தா அது? சட்டையில் ஒட்டிய நூலை எடுப்பது போலத் தொடுவார்.

"குத்தும் காணும்! நீர் என்ன, எனக்குச் சந்தனமோ பூசுறீர்?" என்று ராஜா கத்துவார்.

"வலிச்சிருமோன்னு, ஐயா."

"வலிக்கத்தானே குத்துறது!"

வெள்ளிக் கடுதாசி சுற்றிய மரக்கத்தி அது. என்றாலும் அண்ணன் அதன் முனையை விரலால் மூடிக்கொண்டுதான் குத்துவார். பியோன் தன் ஈட்டியில் சாய்ந்துகொண்டு சிரித்தான். நானும் சிரித்தேன்.

மற்ற ஊர்களைப்போல் விடிய விடிய நாடகம் போட மலைநாட்டில் முடியாது. வெளியூர்ச் சனங்களுக்குக் கோச்சி தவறிவிடும். ஆகவே ஒரு சனிக்கிழமை பின்னேரம் பள்ளிக்கூட மண்டபம் ஒன்றில் நாடகம் வைத்தோம். திரைச்சீலைக்கு வேண்டிய துணி முழுவதையும் கெலிஓயாவில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளி ஒருவர் இரவல் தந்தார். அதற்கு நன்றியாக அவருக்கு முதல் வரிசையில் இடம். அண்ணனின் மாமனார் நாவலப்பிட்டியிலிருந்து பாதிச் சொந்தக்காரர்களைத் திரட்டிக்கொண்டு வந்திருந்தார். மாப்பிள்ளை கிரீடம் வைத்துச் சிங்காசனத்தில் உட்காரும் காட்சியைப் பார்க்கத்தான் அத்தனை பேரும் வந்தது. என் மனைவி தன் கலியாணச் சேலை என் உடம்பில் இருப்பதைப் பார்த்து, மூன்றாம் வரிசையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தாள்.

அந்தக் காலத்து நாடகத்தில் இரண்டு வழக்கம் உண்டு. பாட்டு பிடித்துவிட்டால் சபையோர் "வன்ஸ் மோர்" என்று கத்துவார்கள். கத்தினால் நடிகர் அதைத் திரும்பப் பாடியே ஆகவேண்டும். பாடியவர் கதைப்படி செத்துக் கிடந்தாலும் சரி, எழுந்து பாடிவிட்டு மறுபடி சாகலாம். அது ஒரு குறையில்லை. இன்னொன்று, பெரிய மனிதர்கள் நாடகத்தின் நடுவிலேயே மேடைக்கு ஏறி நடிகரின் நெஞ்சில் மெடல் குத்துவார்கள். இதெல்லாம் எங்களுக்குத் தெரிந்ததுதான். தெரியாமல் விட்டது ஒன்று. வேஷம் கிடைக்காத சின்னக் கிளாக்கர்கள் எல்லோரும் குடும்பத்தோடு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஓய்வு பெறப்போகும் பெரிய கிளாக்கரின் ஒரு நல்ல வார்த்தை அவர்கள் ஒவ்வொருவருக்கும் வேண்டியிருந்தது.

அண்ணன் குத்தினார். கும்பிடாமல் குத்தினார். பாராட்டவேண்டியதுதான். ராஜா பாடினார், நெடுநேரம் பாடினார், விழுந்து செத்தார். உடனே முன் வரிசைகளிலிருந்து "வன்ஸ் மோர்!" கிளம்பியது. முதலில் கத்தியது யார் என்று பின்னால் கந்தோரில் பெரிய விவாதம் நடந்தது. ஒவ்வொருவரும் தான்தான் என்று சாதித்தார்கள். ராஜா எழுந்தார். தூசியைத் தட்டிக்கொண்டு ஆரம்பத்திலிருந்து பாடிவிட்டு இரண்டாம் முறை செத்தார். இப்போது மெடலோடு முதலாளி மேடைக்கு வந்தார். கீழே கிடக்கிற ராஜாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, என் காதோரம் கேட்டார்.

"தம்பி, மௌத்தான ஆளுக்கு எப்பிடி மெடல் குத்துறது?"

நான் பதில் சொல்லுமுன் பிணம் ஒரு கண்ணைத் திறந்தது. "இஞ்சாலை வாங்கோ முதலாளி, நான் எழும்புறன்," என்றது. எழுந்து மெடலை வாங்கிக்கொண்டு, துணி தந்த முதலாளிக்கும், மண்டபம் தந்தவர்களுக்கும், மழையிலும் வந்த சபையோருக்கும் நன்றி சொல்லி ஒரு சின்னப் பிரசங்கம் செய்தது. பிறகு இரண்டு கையையும் விரித்துச் சபையைப் பார்த்தது. சபை என்ன செய்யும்? "வன்ஸ் மோர்!"

அண்ணன் கத்தியோடு ஓரமாக நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அவருடைய மாமனார் கோச்சிக்கு நேரமாகிறது என்று எழுந்து எழுந்து மண்டபத்துக் கடிகாரத்தைப் பார்த்தார். கிரீடம் இன்னும் செத்த ராஜாவின் தலையில்தான் இருந்தது. மூன்றாம் முறை பாட்டு முடிந்து, ராஜா விழுந்து, முன்வரிசை வாயைத் திறந்து, ராஜா முழங்கையை ஊன்றி எழும்பப் பார்த்தபோது, அண்ணன் ஒரே எட்டில் வந்து அவர் தோளைப் பிடித்து அமுக்கினார்.

"செத்தது போதும். படுங்க ஐயா!"

மண்டபம் இடிந்து விழுவதுபோல் சிரிப்பு. அன்று அதுவரை கேட்காத கைதட்டல். பெரிய கிளாக்கர் அதிர்ச்சியில் மல்லாந்து படுத்தார். படுத்தவர் எழும்பவே இல்லை. பியோன் அவசரமாகத் திரையை இழுத்தான். திரைக்குள்ளே ராஜா மெதுவாக எழுந்து, கிரீடத்தைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, அரச உடையோடே வெளியே போய் ரிக்‌ஷாவில் ஏறினார். நல்ல மழை. அண்ணன் பின்னாலேயே ஓடி, "ஐயா, ஐயா," என்று வாசல்வரை போய் நனைந்துகொண்டு திரும்பி வந்தார்.

கிரீடம் பெரிய கிளாக்கரின் தலை அளவுக்குச் செய்தது. அண்ணனுக்கு அது மூக்குவரை இறங்கியது. பட்டாபிஷேகம் முழுவதும் ஒரு கையால் அதைத் தூக்கிப் பிடித்தபடிதான் நாட்டை ஆண்டார். ஆனால் கடைசி அங்கத்தில் நடந்ததை எதிர்பார்க்கவேயில்லை. செத்தபின் ராஜா வந்து உட்காருவதற்காக முதல் வரிசையில் ஒரு கதிரை போட்டிருந்தோம். அது காலியாகக் கிடந்தது. அண்ணன் சபையோரை விட்டுவிட்டு அந்தக் கதிரையைப் பார்த்து வசனம் பேசினார். "என்னை வளர்த்த கையை வெட்டினேன். உம்முடைய இடத்துக்கு ஆசைப்பட்டேன்." குரல் உடைந்து, கண்ணீர் ஒட்டுத் தாடிக்குள் இறங்கி, தாடி பாதி கழன்று தொங்கியது. ஒருவரும் சிரிக்கவில்லை. பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். சேலைக்காகக் கோபித்துக்கொண்டிருந்த என் மனைவிகூட அழுதாள். முதலாளி இன்னொரு மெடலோடு ஓடி வந்தார். அண்ணன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "எனக்கு வேணாம் முதலாளி" என்று சொல்லிவிட்டார். என்ன அடக்கம் என்று ஊர் மெச்சியது.

திங்கட்கிழமை பெரிய கிளாக்கர் கந்தோருக்கு வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஒரு நாளும் லீவு எடுக்காத மனிதர்! கந்தோரே பேயறைந்தாற்போல் இருந்தது. துரை அண்ணனைக் கூப்பிட்டு, அவர் வரும்வரை நீர் பெரிய கிளாக்கர் வேலையைப் பாரும் என்றார். ஆசைப்பட்டது வாசல் தேடி வந்துவிட்டது. அண்ணனோ அந்தப் பிரம்புக் கதிரையில் உட்காரவில்லை. பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு, அதன் நுனியில் குந்திக்கொண்டு வேலை செய்தார். யாராவது தவறுதலாக அந்தக் கதிரையில் கை வைத்தால் பதறினார்.

பின்னேரத்தில் தோடம்பழமும் செவ்விளநீரும் வாங்கிக்கொண்டு பெரிய கிளாக்கர் வீட்டுக்குப் போவார். ஐயா ஆரையும் பாக்கிறேல்லை என்று வாசலிலேயே பழத்தை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். அங்கிருந்து நேரே பிள்ளையார் கோவிலுக்குப் போய்த் தேங்காய் உடைப்பார். ஒருநாள் குளக்கட்டில் அவரைப் பிடித்து நன்றாகத் திட்டினேன்.

"அண்ணே, அது மரக்கத்தி. மழையில நனைஞ்சா யாருக்கும்தான் காய்ச்சல் வரும். இதுல நீங்க செஞ்சது என்ன?"

"கத்தி மரம்தான் தம்பி. நெனப்பு?" என்றார். "மூணாவது தடவ அவரு எந்திரிக்கப் பாத்தப்ப, இந்த மனுசன் நெசமாவே செத்துத் தொலைய மாட்டாரான்னு நெனச்சேன். நாடகத்துக்காக நெனக்கல. கதிரைக்காக நெனச்சேன்."

எனக்கு எரிச்சல் வந்தது. ஒரு நினைப்புக்கு இவ்வளவு தேங்காயா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அந்த வாரமும் அடுத்த கிழமையும் கழிந்து ஒரு காலை, நாங்கள் எல்லோரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தபோது, வெள்ளைச் சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு பெரிய கிளாக்கர் உள்ளே வந்தார். மெலிந்து, வெளிறி இருந்தார். அண்ணன் முக்காலியோடு கவிழ்ந்தார். விழுந்தவர் எழும்பாமல் அப்படியே அவர் காலைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, நான் உங்க கதிரைக்கு ஆசைப்பட்டேன். நீங்க சாகணும்னு நெனச்சேன். என்னைய மன்னிச்சிருங்க!"

பெரிய கிளாக்கர் குனிந்து பார்த்தார். "அது கிடக்கட்டும் காணும். கடைசி அங்கத்திலை சனம் அழுததெண்டு கேள்விப்பட்டன். உண்மையோ?"

"ஐயா?"

"நான் இல்லாமல் அழுதிருக்குதுகள். அதுதான் எனக்குப் பொறுக்கேல்லை. காய்ச்சல் ஒரு நாளோடை போயிட்டுது. மிச்ச நாள் முழுக்க வீட்டிலை இருந்து எழுதினனான்." சால்வைக்குள்ளிருந்து ஒரு கடுதாசிக் கட்டை எடுத்தார். "இனிமேல் கடைசி அங்கத்திலை ராசாவின்ரை ஆவி வருது. வந்து பாடுது."

நான் வாய்விட்டுச் சிரித்திருப்பேன். அதற்குள் சத்தம் கேட்டுத் துரை தன் அறையிலிருந்து வெளியே வந்துவிட்டார். தரையில் ஒரு கிளாக்கர், அவர் கைப்பிடியில் இன்னொரு கிளாக்கரின் கால். என்ன இது, இந்த ஆள் என்ன சொல்கிறான் என்று துரை என்னைப் பார்த்துக் கேட்டார். நான் ஒரு கணமும் யோசிக்கவில்லை. நாடக வசனம் சேர், ஒத்திகை பார்க்கிறார்கள் என்றேன். துரையின் முகம் தெளிந்தது. திரும்பிப் போகக் காலை எடுத்து வைத்தார்.

அண்ணன் தரையிலிருந்து எழுந்து, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, இலக்கணம் பிசகாத ஆங்கிலத்தில், "இல்லை சேர்," என்றார். இது நாடகம் அல்ல, இவருடைய பதவிக்காக இவர் சாகவேண்டும் என்று நான் மனப்பூர்வமாக விரும்பினேன் என்றார். எவ்வளவு காலமாக என்று துரை கேட்டார். இரண்டாம் கிளாக்கராக நியமனம் கிடைத்த நாளிலிருந்து என்று அண்ணன் பதில் சொன்னார். துரை பெரிய கிளாக்கர் பக்கம் திரும்பி, உமக்கு இவர் மேல் புகார் உண்டா என்றார். புகார் ஒன்றுமில்லை, இவர் என்னை அமுக்கியது கொஞ்சம் முந்திவிட்டது, இன்னொரு தரம் பாடியிருக்கலாம் என்று பெரிய கிளாக்கர் மிகுந்த மரியாதையோடு தெரிவித்தார். துரை எங்களை எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அண்ணனுக்கு அன்றே கட்டாய லீவு. நாவலப்பிட்டிக்குப் போய் மனதை ஆறவைத்துக்கொண்டு வரச்சொன்னார்கள். பெரிய கிளாக்கர் ஓய்வு பெற்றபோது, துரை என்னைக் கூப்பிட்டு அந்த இடம் எனக்கு என்றார். எனக்கு மேலே ஒருவர் இருக்கிறாரே சேர் என்றேன். துரை சொன்ன பதில் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. மேலே இருப்பவன் போகவேண்டும் என்று நினைப்பதில் ஒன்றுமில்லை, நானும் நினைப்பதுண்டு; அதை வாய்விட்டுச் சொல்லுகிற ஆளிடம் ஒரு கந்தோரை ஒப்படைக்க முடியாது என்றார்.

மந்திரியை விட்டுவிட்டு மந்திரி பெண்டாட்டிக்கு முடிசூட்டிவிட்டார்கள் என்று பியோன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். மாமனார் அதன்பிறகு கண்டிக்குக் கோச்சி ஏறவில்லை.

நான் பிரம்புக் கதிரையில் உட்கார்ந்த முதல் நாள், அண்ணன் எதிரே தன் பழைய இடத்திலிருந்து எழுந்து, கையெழுத்துக்கான கடுதாசிகளோடு வந்து நின்றார். முகம் நன்றாகத் தெளிந்திருந்தது. கொஞ்சம் சதையும் போட்டிருந்தார்.

"ஐயா, இதைக் கொஞ்சம் பாருங்க," என்றார்.

என்னை அவர் ஐயா என்றது எனக்குத் தாங்கவில்லை. "அண்ணே, வேணாம். தம்பின்னே சொல்லுங்க. அன்னைக்கு நான்தான் நாடகம்னு சொல்லிட்டேனே. நீங்க பேசாம இருந்திருந்தா இப்ப இங்க ஒக்காந்திருக்கிறது நீங்க. ஏன் அப்படிச் செஞ்சீங்க?"

"பேசாமதான் இருக்க நெனச்சேன் ஐயா. இருந்திருந்தா கதிரை கெடச்சிருக்கும். தூக்கம் கெடச்சிருக்காது. இப்ப படுத்தா விடிஞ்சுதான் முழிக்கிறேன்." கடுதாசியை என் பக்கம் நகர்த்தினார். "ஒங்களுக்கு அந்தத் தொல்லை இல்ல. நீங்கதான் இதுக்கு ஆசையே படலியே."

கேலியாகச் சொன்னாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. முழு மனதோடு சொன்னார். துரை அந்த இடம் எனக்கு என்று சொன்ன அன்று, வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் என் கால் தரையில் பாவவில்லை என்பது அவருக்குத் தெரியாது. நான் அதை அவரிடம் சொல்லாமலே கையெழுத்துப் போட்டேன். அவர் கடுதாசிகளை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போய், என் பக்கம் நிமிர்ந்தும் பார்க்காமல் வேலையைத் தொடங்கினார். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.